அச்சு இயந்திரத்துக்கு ஆள் தேடிய கதை

முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத் தொழில்களுக்குள் கொண்டுவரத் திட்டம் போடுவது என் வேலை. இதில் திட்டம் போடுவது சுலபம், உள்ளே கொண்டுவருவதுதான் வம்பு. கையில் படிவத்தோடு கதவு தட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். பிளாஸ்டிக்கை உருக்கி, இழை இழையாக அடுக்கி, கேட்ட பொருளைச் செய்து தரும் இயந்திரம் ஒன்று மலாக்காவுக்கு வந்திருந்தது. படிவத்தில் மின்னணு, தோட்டம், உணவு என்று மூன்று கட்டங்கள். 'இயந்திரத்தைப் பயன்படுத்தச் சம்மதம்' என்று பிப்ரவரி கடைசிக்குள் அதில் ஒரு கையெழுத்தாவது விழாவிட்டால் இயந்திரம் வேறு மாநிலத்துக்குப் போகும், என் வேலையும் போகும்.

மின்னணு

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. பராமரிப்பு மேலாளர் மணியம் உடைந்த கொக்கி ஒன்றைக் கொடுத்து, "முடியுமா பாருங்க" என்றார். மறுநாளே அச்சிட்டுக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார், எனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். படிவத்தை நீட்டியதும்தான் முகம் மாறியது.

"சாமான் ஒரே நாள்ல வந்திருச்சு சார். இத வாங்கலாமான்னு மேல கேட்டா, பதில் வர ஆறு மாசம் ஆகும்லா."

தோட்டம்

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் ஆரோக்கியசாமி அங்கிள்தான் எல்லாம். தண்ணீர்ப் பம்புக்கு நான் செய்துகொண்டு போன சக்கரத்தை வாங்கி, சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. பூட்ஸ் காலால் மிதித்தார். அதற்கும் உடையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று பேனாவை எடுத்தேன். அவர் சக்கரத்தைத் துடைத்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"ஒடஞ்சா வெல்டிங் வைக்க முடியாத சாமான எப்படி தம்பி நம்புறது?"

உணவு

இது முழுக்க என் தப்பு. உம்பாயில் மீன் சுட்டு விற்கும் லெட்சுமி அக்கா, திருகு உடைந்த கேஸ் அடுப்பைப் பிளையரால் திருகிக்கொண்டிருந்தார். ஆர்வக்கோளாறில் சிவப்பு நிறத்தில் அழகான திருகு ஒன்றைச் செய்து மாட்டினேன். எந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு சூடு தாங்கும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுப்பவன் நான். அன்று கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டேன். மதியம் போன் வந்தது.

"தம்பி, மீனும் வெந்துருச்சு, ஒங்க திருகும் வெந்துருச்சு."

கட்டம் இல்லாதது

பாயா ரும்புட்டில் குணா, லோரி ஓட்டுநர். விபத்தில் எலும்பு முறிந்து அவருடைய இடது தோள் இறங்கியிருந்தது. உயிர் பிழைத்ததற்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். காவடியின் தோள்கட்டை அந்த எலும்பிலேயே இடித்ததால் இரண்டு வருடமும் பாதி வழியில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் தோளை அளவெடுத்து, அதே வளைவில் ஒரு தாங்கி செய்தேன். கேட்காமலே கையெழுத்துப் போட்டார். காவடிக்குத்தான் படிவத்தில் கட்டம் இல்லை. ரூலர் வைத்து நானே நான்காவது கட்டம் போட்டேன். இது எந்தத் துறை என்று தலைமையகம் கேட்டது. நான் குணாவைக் கேட்டேன்.

"தொறைய நீங்க பாருங்க சார், தோள் எனக்குத்தான் வலிக்குது."

தைப்பூசம்

இந்த முறை சூடு தாங்கும் நைலான்தான். இருந்தும் எனக்குப் பயம். தண்ணீர்ப் பந்தலில் நின்ற லெட்சுமி அக்கா வேறு, "இதுவும் வெந்துருமா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவைத்தார். வேலையை மறந்துவிட்டேன்; அந்த மனிதர் மூன்றாவது வருடமும் பாதியில் இறக்கி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். கூடவே நடந்து, நிமிடத்துக்கு ஒருமுறை தாங்கியைத் தொட்டுப் பார்த்தேன். கோயில் வாசல் வரைக்கும் அது அசையவில்லை. குணா கண் கலங்கி என் பக்கம் திரும்பினார்.

"வலியே இல்ல சார். அந்தக் கைய மட்டும் எடுங்க, கூசுது."

திங்கட்கிழமை என் அலுவலக வாசலில் தங்களுக்கும் தாங்கி வேண்டும் என்று ஏழு பேர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டதும் தலைமையகம் துறையைக் கேட்பதை விட்டுவிட்டது. மூன்று துறைகளுக்குத் திட்டம் போட்டுத் தேய்ந்த என் வேலை தப்பியது, நானே ரூலர் வைத்துக் கோடு போட்ட நான்காவது கட்டத்தால்தான்.