கண்டி வெயிலும் ஒரு நனைந்த நாயும்

என் வீட்டு யன்னல்கள் எல்லாவற்றுக்கும் கம்பி வலை அடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மைத்துனி, பயணப் பையைக்கூட இறக்கி வைக்காமல், "என்ன மச்சாள், கோழி வளர்க்கிறியளோ?" என்று கேட்டாள். வளர்ப்பது நாய். பயம் குரங்குக்கு. வலை அடித்தது வெயிலுக்காக. ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்துக்குள் இதை விளங்கப்படுத்த முடியாது என்பதால், "ஓம், இன்னும் முட்டை இடேல்லை" என்று சொல்லி வைத்தேன்.

இடமாற்றம் கிடைத்து நான் கண்டிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறேன். வீடு அம்பிட்டியவில், ஏற்றமான ஒரு பாதையின் ஓரத்தில். கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. நீண்ட விடுமுறைகளுக்கு வருவார், பஸ்ஸில் இடுப்பு விட்டுப் போனது என்று முறையிடுவார், திரும்பிப் போவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் நாயும்தான். ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வீடுள்ள சக ஆசிரியை ஒருத்தி, குட்டியாக இருந்தபோது அவனைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். உடம்பெல்லாம் மயிர். எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று கண்டுபிடிக்கவே சிறிது நேரம் எடுத்தது. "குளிருல பொறந்ததுங்க டீச்சர், வெயிலு தாங்காது, பாத்துக்குங்க" என்றாள். கண்டியில் ஏது வெயில் என்று நான் சிரித்தேன்.

வெயில் விடயத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு திமிர் உண்டு. மற்ற ஊர்க்காரர் வியர்வையைத் துடைத்தால் எங்களுக்கு நக்கலாக இருக்கும். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பங்குனி பிறந்ததும் கண்டி மலைகளுக்கு நடுவில் காற்று அப்படியே நின்றுவிடும். எங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் கடற்காற்று வந்து சமாதானம் சொல்லும். இங்கே அதற்கும் ஆளில்லை. முதல் பங்குனியிலேயே நாய் எனக்குப் பாடம் எடுத்துவிட்டான். சாப்பிடமாட்டான், குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடப்பான். அதிலிருந்து ஒழுங்காகப் பழகிக்கொண்டேன். விடியமுன் நடத்திக் கூட்டிவருவது, பின்னேரமானால் தார் வீதியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டே கேற்றைத் திறப்பது, இரண்டு மண்சட்டிகளில் தண்ணீர், படுக்க ஈரச்சாக்கு. மயிரை ஒட்ட வெட்டிவிடுவோமா என்று மிருக வைத்தியரிடம் கேட்டேன். அது வெயிலுக்கும் குடை, வெட்டாதீர்கள், சிக்கெடுத்து வாரிவிட்டால் போதும் என்றார். தினமும் வாரினேன். என் தலையைக்கூட நான் அவ்வளவு கவனமாக வாரியதில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு விடயத்தில் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நான் பாடசாலைக்குப் போகும்போது வீட்டைப் பூட்டத்தான் வேண்டும், யன்னல்களையும் சேர்த்து. கண்டியில் யன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போகிறவர் குரங்குகளுக்கு விருந்து வைக்கிறவர். ஒருமுறை ஒரு குரங்கு என் சமையலறைக்குள் புகுந்து, வெட்டி வைத்த பாணையும் எடுத்து, பட்டர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனது. முற்றத்தில் விட்டால் இவன் அவற்றோடு சண்டைக்குப் போய்க் கடி வாங்குவான். ஆகவே யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, அதன் கீழே ஈரச்சாக்கைப் போட்டுவிட்டுப் போவேன். பங்குனிக்கு அது போதுமாக இருந்தது, மின்சாரம் இருக்கும்வரை.

இனிப் பக்கத்து வீட்டைச் சொல்ல வேண்டும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டியில் வாழும் முஸ்லிம் குடும்பம். அவருக்கு நகரத்தில் இரும்புக்கடை. அவருடைய மனைவியை அந்தப் பாதையில் எல்லோரும் "தாத்தா" என்று கூப்பிடுவார்கள். இங்கே முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். வந்த புதிதில், "தாத்தா நல்ல வட்டிலப்பம் தந்தவா" என்று தொலைபேசியில் சொன்னபோது, என் கணவர், "கண்டி வெயில் தலைக்கு அடிச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

தாத்தாவுக்கும் என் நாய்க்கும் ஒத்துவராது. காய்ந்த நாய் உரசிப் போனால் அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரமான நாயும் நாயின் எச்சிலும் பட்டால்தான், பட்ட இடத்தை முறைப்படி கழுவித் துப்புரவாக்கவேண்டும், இல்லாவிட்டால் தொழ முடியாது. இவனோ குளிப்பாட்டிய கையோடு வேலிக்குள் நுழைந்து, அவர் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று உடம்பை உதறியவன். அன்று அவர் கொடி முழுவதையும் அவிழ்த்துத் திரும்பத் துவைத்தார். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனம் ஆறியிருப்பேன். அதன் பின்னர் நான் வேலியை அடைத்தேன். அவர் என் வீட்டுக்கு வந்தால் வாசலிலே நின்று, "கட்டிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஆனாலும் என் வீட்டு மேலதிகச் சாவி அவரிடம்தான் இருந்தது. நோன்பு மாதத்தில் கஞ்சி ஒரு நாளும் தவறாமல் வேலிக்கு மேலால் வரும்.

அப்படி ஒரு நோன்பு மாதத்தில்தான் இது நடந்தது. பாடசாலை இடைவேளையில் தாத்தா தொலைபேசி எடுத்தார்.

"டீச்சர், கரண்ட் போய் நல்ல நேரமாகுது. ஒங்கட கூரைக்கு மேல கொரங்குக் கூட்டம் ஓடுது. நாய் ஒரு சத்தமும் இல்ல."

குரங்கின் வால் தெரிந்தாலே பாதை முழுவதும் கேட்கக் குரைக்கிறவன் அவன். பூட்டிய வீடு, அஸ்பெஸ்டஸ் கூரை, நின்றுபோன மின்விசிறி. "நானா நிக்கிறாரோ?" என்று அவருடைய கணவரைப் பற்றிக் கேட்டேன். கடைக்குப் போய்விட்டார் என்றார்.

"தாத்தா, கதவைத் திறந்து மட்டும் விடுங்கோ. அவன் தானா வெளியால வந்திடுவான். நீங்கள் கிட்டப் போக வேண்டாம்."

அதிபரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிப்போய் முச்சக்கரவண்டியில் ஏறினேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததும் அவர், "அல்லாஹ், என்ன சூடு" என்றார். பிறகு, "டீச்சர், கெடக்குது. எழும்ப ஏலா. நாக்கு வெளிய தள்ளி, நல்லாச் சிவந்து போய் ஈக்கி. மூச்சு வாங்குது" என்றார்.

வண்டி வாகன நெரிசலில் நின்றது. நான் அந்த அழைப்பை வைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு எடுத்துக் கேட்டேன். உடனே காற்றுப் படும் நிழலுக்குக் கொண்டுவாருங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், வயிற்றிலும் கால் இடுக்குகளிலும் நன்றாக, குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் வேண்டாம், வாய்க்குள் ஊற்ற வேண்டாம், விசிறிக்கொண்டே இருங்கள், ஈரத்தோடு இங்கே கொண்டுவாருங்கள் என்றார். அவர் சொன்னதில் கடினமான வேலை ஒன்றுமில்லை, யாரும் செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர் தாத்தா ஒருவர்தான்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்று எங்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்தது. அதைச் செய்கிறவர் சொல்லலாம், செய்யச் சொல்லிக் கேட்கிறவள் சொல்லக்கூடாது என்று விழுங்கிவிட்டேன். திரும்ப அவருக்கு எடுத்து, வைத்தியர் சொன்னதைத்தான் சொன்னேன். "தண்ணி ஊத்தவேணுமாம் தாத்தா" என்றபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாதையால் போகிற யாரையாவது கூப்பிடுங்கோ என்றும் சொன்னேன்.

"இந்த வெயிலுக்கு யாரு டீச்சர் பாதைல ஈக்காங்க" என்றார். பிறகு, "சரி. பிஸ்மி சொல்லி ஊத்துறன். போனக் கீழ வைக்கிறன், நீங்க கட் பண்ண வாணா."

அதன் பிறகு நான் கேட்டது சத்தங்கள் மட்டும்தான். அவர் மூச்சுப் பிடித்து எதையோ இழுத்தார். வாளி உருண்டது. பைப் திறந்தது. தண்ணீர் விழுந்தது, திரும்பவும் விழுந்தது. இடையிடையே தாத்தாவின் குரல், "எழும்பு மகன், எழும்பு" என்றது. இவ்வளவு காலத்தில் அவர் அவனை "அது" என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஒழுங்கை ஒழுங்கையாகச் சந்துகளுக்குள் புகுந்து ஓட்டினார். நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

போய் இறங்கியபோது, பின்பக்கத்துப் பலாமர நிழலில் தாத்தா ஈரச் சீமெந்தில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். நாயின் தலை அவருடைய மடியில். தன் சால்வை ஒன்றை நனைத்து அவன் வயிற்றில் போட்டு, என் அப்பியாசக் கொப்பி ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தார். உடுப்பு முழுக்கத் தண்ணீர், எச்சில், நாய்மயிர். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. விடியற்காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத மனுசி, வாளி வாளியாக என் நாய்க்குத் தண்ணீர் இறைத்திருந்தார். நாய் என்னைக் கண்டு வால் நுனியை ஆட்டினான். எழும்ப முடியவில்லை, ஆட்ட முடிந்தது. "கண் தொறந்திச்சு டீச்சர். இப்பதான்" என்றார் தாத்தா. நான் நன்றி சொன்னேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. ஈரத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன்.

வைத்தியர் மருந்து ஏற்றினார். சூட்டை மூன்று தரம் பார்த்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டியதில்லை என்று நேராகவே சொன்னார். மின்வெட்டு நாட்களில் இந்த மாதிரிக் கேஸ்கள் பங்குனி, சித்திரையில் நிறைய வருமாம், பலது ஆட்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான், பிந்தி வருமாம். இரவு அவனை அங்கே வைத்திருந்து பார்க்கலாம், பிழைத்துவிட்டான் என்றார். அந்தச் சொல்லை நான் கேட்டது இரும்புக்கதிரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. மற்றது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

நோன்பு திறப்பதற்குச் சற்று முன் தனியாக வீடு வந்து சேர்ந்தேன். தாத்தா குளித்து, வேறு உடுப்போடு, தன் வீட்டுப் பின்வாசலில் நின்றார். நானா கடையிலிருந்து வந்து, என் யன்னல்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். "வலை அடிச்சா தொறந்து வைக்கலாம், கொரங்கும் வராது" என்றார், கேட்காமலே. பைப்படியில் ஒரு வாளிக்குள் அந்தச் சால்வை ஊறிக் கிடந்தது.

"தாங்கோ தாத்தா, இதை நான் கழுவுறன்."

"ஒங்களுக்கு அதுட மொற தெரியாதே. ஏழு தரம் அலசணும். ஒரு தரம் மண்ணுத் தண்ணில."

"சொல்லித் தாங்கோ."

குந்தினேன். அவர் காட்டிய இடத்தில் துப்புரவான மண் எடுத்துத் தண்ணீரில் கரைத்துச் சால்வையை அதில் முக்கினேன். பிறகு நல்ல தண்ணீர். பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, திரும்பப் பிடித்தேன். "நாலு" என்றேன். "மூணு. கணக்கு டீச்சராம்" என்று அவர் சிரித்தார். கணக்குப் பிழைத்த பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்துகிற எனக்கு அந்த அதட்டல் அவ்வளவு நன்றாக இருந்தது.

அலசிக்கொண்டே கேட்டேன். "தண்ணி ஊத்தவேணுமாம் எண்டுதானே சொன்னனான். பிறகு ஏன் தாத்தா மடியில வைச்சு இவ்வளவும்? உங்களுக்கு அவனைக் கண்ணிலயும் காட்டக்கூடாதே."

அவர் யோசிக்கவில்லை.

"நாய்க்காக இல்ல டீச்சர். ராவைக்கு நீங்க அதோட கதைக்கிறது எங்கட ஜன்னலுக்குக் கேக்கும். பாடம் நடந்தது, பஸ்ஸுல சனம், கறிக்கு உப்புக் கூடினது எல்லாம் சொல்லுவீங்க. அது மௌத்தாப் போனா, இண்டைக்கு ராவைக்கு யாரோட கதைப்பீங்க?"

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. பேரீச்சம்பழத்தோடு நானா அவரை உள்ளே கூப்பிடுவது கேட்டது. நான் சால்வையைப் பிழிந்தேன். எத்தனையாவது தரம் என்று மறந்துபோயிற்று. தண்ணீரைக் கொட்டிவிட்டு, மண்ணிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.