கௌரவப் பதவிக்கு ஆள் தேவை

சம்பளம் இல்லாத பதவிக்கு ஆள் சேர்ப்பதற்காக மாதச் சம்பளம் வாங்கும் வேலை என்னுடையது.

ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகள் சில, தங்களைச் சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து பதினொரு பேரைக் கூட்டி 'உள்ளூர் ஆலோசனைக் குழு' என்று ஒன்று வைக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். ஏரி, லாரி, புகை, தெருவிளக்கு என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கம்பெனி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதினொரு பேரைத் தேடிப் பிடித்து, சம்மதிக்க வைத்து, விண்ணப்பம் வாங்கி, கடைசியில் கையில் ஒரு கடிதம் கொடுப்பது எங்கள் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு. தொண்டு நிறுவனம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படப்பையில் ஒரு மாடி அறை, எங்கள் இயக்குநர், நான், என் ஸ்கூட்டி. அவ்வளவுதான்.

வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். காப்பீட்டு ஏஜென்டாக இருக்கட்டும், கணக்கெடுப்புக்கு அனுப்பப்படும் டீச்சராக இருக்கட்டும், நாமெல்லாம் ஏதோ ஒரு வார்த்தையை மென்று விழுங்கித்தான் சம்பளம் வாங்குகிறோம். நான் விழுங்கிய வார்த்தையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

யார் வீட்டுக் கல்யாணம்?

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே குழு அமைக்கப் போனபோது முதலில் நாங்கள் கொடுத்த தாளுக்கு 'அழைப்புக் கடிதம்' என்று தலைப்பு. நல்ல தமிழ், நல்ல காகிதம், மேலே கம்பெனியின் முத்திரை. இரண்டு வாரம் வெயிலில் அலைந்து தெருத்தெருவாகக் கொடுத்தேன். அறிமுகக் கூட்டத்துக்கு இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாட்ச்மேன்.

வராதவர்களை மறுபடி தேடிப் போனேன். தண்ணீர் லாரி வைத்திருக்கும் ஏகாம்பரம் என்பவர், கடிதத்தைப் பிரிக்காமலேயே டி.வி. பெட்டிக்கு மேல் செருகி வைத்திருந்தார். என் எதிரில்தான் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கிண்டல் இல்லாமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "பத்திரிகை சரிங்க மேடம். பொண்ணு மாப்ள பேரு எங்கயும் காணோமே?"

நான்கு பெண்கள்

பதினொரு பேரில் நான்கு பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. விதியைச் சொன்ன மறுநாளே விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் பெயர் மனைவியுடையது, கைபேசி எண் கணவனுடையது, கையெழுத்தும் கணவனுடைய கையெழுத்து மாதிரியே இருந்தது.

ஓர் எண்ணைக் கூப்பிட்டேன். எதிர்பார்த்தபடி ஆண் குரல். "உங்க வீட்டம்மாகிட்ட பேசணும்" என்றேன். அவர் குளிக்கிறார் என்றார். சாயங்காலம் கூப்பிட்டேன். கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றார். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டத்துக்கும் நீங்கள்தான் புடவை கட்டிக்கொண்டு வருவீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அவ இன்னா பேசுவாளோ அதத்தான் மேடம் நானும் பேசுவேன். நடுவுல அவளுக்கு எதுக்கு அலைச்சல்?"

தலைப்பு மாறியது

பெண்கள் கிடைக்கவில்லை, ஆண்கள் வரவில்லை, கம்பெனியில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் நானே உட்கார்ந்து கடிதத்தை மாற்றி எழுதினேன். 'அழைப்புக் கடிதம்' என்பதை அடித்துவிட்டு 'நியமன ஆணை' என்று போட்டேன். "தாங்கள் மூன்றாண்டு காலத்துக்கு நியமிக்கப்படுகிறீர்கள். ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இந்த ஆணை, ஆதார் நகல், இரண்டு புகைப்படங்களுடன் நிறுவன வளாகத்துக்கு வரவும்" என்று எழுதினேன். கீழே கம்பெனி மேலாளரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

அதோடு நிறுத்தவில்லை. 'சம்பளம் கிடையாது' என்று வாசலில் நின்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் அப்போதே மூடிக்கொள்ளும். இதில் உங்களுக்கும் அனுபவம் இருக்கும். அதனால் அந்த வார்த்தைகளை விட்டுவிட்டு 'இது கௌரவப் பதவிங்க' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது பொய் இல்லை. அகராதியைப் பார்த்தால் சம்பளம் வாங்காத பதவிக்குக் கௌரவப் பதவி என்றுதான் இருக்கும். ஆனால் கேட்கிறவர் அகராதி வைத்துக்கொண்டு கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். புதிய கடிதத்தைப் பார்த்த எங்கள் இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பத்தான்மா இதுக்கு ஒரு கெத்து வந்திருக்கு!"

தெருமுனை

அமலாவை நான் பள்ளிக்கூடத்தின் எதிரில் பார்த்தேன். ஒன்பது மணிக்குக் குழந்தைகள் சாலையைக் கடக்கும் நேரத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றிருந்தது. ஒரு பெண் அதன் கதவில் ஓங்கித் தட்டி, டிரைவரைக் கீழே இறக்கி, குழந்தைகள் போகும் வரை அவரையே கைகாட்டி நிற்க வைத்தாள். இவள் வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். முப்பத்தொரு வயது. கணவர் அந்தோணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் வேலை. ஷிப்டு முழுக்க நின்றபடியே செய்யும் லைன் வேலை.

ஆணையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். "கௌரவப் பதவி அமலா, எல்லாருக்கும் கிடைக்காது" என்றேன். அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடுத்தி வர வேண்டும் என்று கேட்டாள். புடவை கட்டலாமா என்றாள். தாராளமாக என்றேன். கூட்டத்துக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போகக் கம்பெனி வேன் வரும் என்றும் சொன்னேன். அவள் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. ஒரு கூட்டத்துக்கு இவ்வளவா என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் கம்பெனி வண்டி வீட்டருகே வந்து ஏற்றிப்போகிறது என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பதினைந்து வருடமாக இங்கே சுற்றும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "வண்டி எங்க தெருமுனையிலயே நிக்குமா மேடம்?"

பூசைக் கருத்து

பதினொரு பேரும் சேர்ந்தாகிவிட்டது. கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களை ஒருமுறை உட்கார வைத்துப் பேச இடம் வேண்டியிருந்தது. ஊரிலிருந்த சின்ன மாதா கோயிலின் கூடத்தைக் கேட்கப் போனேன். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். கலர் வாங்கி வரச் சொன்னார். எனக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதை எப்போது வந்தது என்று புரியவில்லை.

கலரைக் குடித்துக்கொண்டே, கூடம் கிடைக்குமா என்றேன். உங்களுக்கு இல்லாத கூடமா என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடிக் குப்பியை மெதுவாகக் கீழே வைத்தேன். "ஒரு குடும்பத்துல வெளக்கு ஏத்தி வச்சிட்டீங்க மேடம். அமலாவுக்குக் கம்பெனி வேலை கெடச்சதுக்கு ஞாயித்துக்கெழம பூசையில நன்றி செலுத்தனோம், உங்க பேரையும் சேர்த்துத்தான் வாசிச்சாங்க."

உட்கார்ந்து பார்க்கும் வேலை

கோயிலிலிருந்து அமலாவின் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்துக்குள் பத்து முறை மனதில் ஒத்திகை பார்த்தேன். அவள் வீட்டில் இருந்தாள். வேலை நாளில், ஷிப்டு நேரத்தில் வீட்டில் இருந்தாள். பேப்பர் போட்டாகிவிட்டது என்றாள் சிரித்துக்கொண்டே. ராஜினாமாவுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஒன்றாம் தேதி புது இடத்தில் சேர வேண்டும் என்பதால் போன சனிக்கிழமையோடு நின்றுவிட்டாளாம். இரண்டு புடவைகள் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் ஆதார் நகல், இரண்டு போட்டோ, நான் கொடுத்த நியமன ஆணை.

"ஆறு வருஷம் நின்னுக்கினே இருந்தாச்சு மேடம். ஆலோசனைன்னா உக்காந்து பாக்குற வேலைதானே?" என்றாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இது வேலை இல்லை, கூட்டம். இரண்டு மாதத்துக்கு ஒரு நாள். சம்பளம் இல்லை. "மூணு வருஷத்துக்குமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கவரிலிருந்து ஆணையை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். அதில் பொய்யான வரி ஒன்றும் இல்லை, நான்தான் எழுதினேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. தாளை மடித்தபடியே நிதானமாகக் கேட்டாள்: "கௌரவம்னா துட்டு கெடையாதுன்னு அர்த்தமா மேடம்? அத அன்னிக்கே தமிழ்ல சொல்லியிருக்கலாமே."

வயது

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனேன். அவளை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்ட்காரரின் ஆபீஸ், பஸ் ஸ்டாப் எதிரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. போவதற்கு முன் எங்கள் இயக்குநரிடம், தவறு எங்களுடையது என்று நிறுவனத் தாளில் ஒரு கடிதம் கேட்டேன். நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது, அந்தக் குரங்குக்குக் கையெழுத்துப் போட மட்டும் ஆள் இல்லை. வெள்ளைத் தாளில் நானே எழுதி, என் பெயரைப் போட்டு எடுத்துப் போனேன்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர், கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அமலா லைனில் கெட்டிக்காரி என்று அவரே சொன்னார். ஆனால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. திரும்பச் சேர்ந்தால் புது ஆளாகத்தான் சேர வேண்டும். புது ஆளுக்கு இருபத்தெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். ஆறு வருடம் அதே லைனில் நின்றவளுக்குமா என்று கத்தினேன். மேஜையைக்கூடத் தட்டினேன். அமலா என் கையைப் பிடித்து இழுத்து அடக்கினாள். அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்: "உள்ள இருக்கிற வரைக்கும் வயச யாரும் கேக்க மாட்டாங்கம்மா. வெளிய கால வச்சிட்டா, அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

தொழில் என்ற கட்டம்

விஷயம் குழு வைக்கும் கம்பெனியின் மேலாளர் காதுக்குப் போயிற்று. போன் செய்தார். அந்தம்மா பெயரை எடுத்துவிடுங்கள், வேலை கொடு என்று கம்பெனி கேட்டில் உட்கார்ந்துவிட்டால் பிரச்சினை என்றார். மூன்று வருடத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆணை அது, நீங்களே ரத்து செய்து எழுதிக் கொடுங்கள், அதையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவர் எழுதவில்லை. அமலாவிடம், வர விருப்பமில்லை என்றால் நான் புரிந்துகொள்வேன் என்று சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஒன்றாம் தேதி வேன் அவள் தெருமுனையில் நின்றது. இஸ்திரி போட்ட புடவையில் ஏறி உட்கார்ந்தாள். கூட்டத்தில் மற்றவர்கள் தெருவிளக்கையும் கோயில் திருவிழா நன்கொடையையும் பற்றிப் பேசினார்கள். அமலா லாரிகளைப் பற்றிப் பேசினாள். எந்த நேரத்தில் எந்த வளைவில் எத்தனை நிற்கின்றன, குழந்தைகள் எந்தப் பக்கம் ஒதுங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளைக் கம்பெனி கேட்டுக்குள்ளேயே நிறுத்தி வைப்பதாக மேலாளர் ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு அந்த மேஜையில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

முடிவில் வருகைப் பதிவேட்டை நான் நிரப்ப வேண்டும். பெயர், ஊர், தொழில், கையொப்பம். ஏகாம்பரத்துக்கு 'வியாபாரம்' என்று போட்டேன். அமலாவின் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அவளுக்கு அப்போதும் வேலை கிடைத்திருக்கவில்லை. அது அறையில் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அமலா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "இன்னா மேடம் யோசிக்கிறீங்க? குழு உறுப்பினர்னு எழுதுங்க. ஆர்டர் கையில கீது."

இந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனையோ குழுக்களுக்கு ஆள் சேர்த்திருக்கிறேன், ஆனால் இந்தப் பதவியை நிஜமான வேலையாக மதித்து வந்த ஒரே ஒருத்தியை அவளுடைய நிஜமான வேலையிலிருந்து கிளப்பித்தான் சேர்க்க முடிந்தது.