குளியலறைக்கு வாங்கிய சிமெண்ட்

குளியலறைத் தரையில் மூன்று ஓடுகள் பெயர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ருமியானா அவற்றைத் தாண்டித் தாண்டியே குளித்துப் பழகியிருந்தாள். கடைசியில் ஓடு ஒட்டுகிற சிமெண்ட் ஒரு மூட்டை வாங்கி, புருஷன் கண்ணில் படட்டும் என்று வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சனிக்கிழமை பேக்கரி வேலை முடிந்து வந்தால் மூட்டையைக் காணோம். கரணையையும் காணோம்.

எங்கே போயிருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெர்னிக் நகரத்தின் நினைவுச்சின்னச் சதுக்கத்தில் அவள் புருஷன் ஸ்தானிமிர் மண்டியிட்டிருந்தான். நாற்பத்தேழு வயது, பேருந்து ஓட்டுநர். சிறுவயதில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, பள்ளிக்கூட வரிசையில் வந்து அங்கே நிற்கும் கல் வீரர்களின் காலடியில் பூ வைத்தவன். கம்யூனிஸ்ட் ஆட்சி போய், பூ வைக்க யாரும் வராமல் போனபின் ஸ்கேட் பலகையோடு வந்தான். இன்னும் வருகிறான். தளக்கற்களின் விரிசல்களை அவனும் கூட்டாளிகளும்தான் பூசி அடைப்பார்கள். சக்கரம் சிக்கினால் பல் போய்விடும்.

ருமியானாவின் சிமெண்டைப் பூசிவிட்டு, ஈர உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. ஒரு கண்ணை மூடி, கன்னத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மட்டம் பார்த்தான். ருமியானா சதுக்க ஓரத்தில் வந்து நின்று பார்த்தாள். தன் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த முகம் கடைசியாக எப்போது வந்தது? அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

சுற்றி நின்றவர்கள் பலகைகளைத் தரையில் தட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

"வீட்டம்மா வந்துட்டாங்கடா, ஓடு!" என்றான் கூட்டாளி பாவ்லின்.

"கொஞ்சம்தான் எடுத்தேன், ருமி."

"மீதியக் குடு."

"நாளைக்கு நானே ஒட்டித் தரேன்."

"நாளைக்கு இவளுக்கு வேற எங்கயாவது நோவும்." ருமியானா சதுக்கத்துத் தளக்கல்லைக் காட்டினாள். "குடு."

பாதி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள். தானே குழைத்தாள், தானே ஒட்டினாள். ஒரு கண்ணை மூடி மட்டமும் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது குளியலறை வாசலில் நாற்காலி குறுக்கே கிடந்தது.

"கால் வைக்காத. காலைல வரைக்கும் காயணும்."

"நான் எங்க குளிக்கிறது?"

"அவகிட்டயே போய்க் குளி."

சிரித்துக்கொண்டே மண்டியிட்டான். நாற்காலிக்கு அடியில் கைவிட்டு ஓரத்தைத் தடவினான். அதே கை, அதே நிதானம். ருமியானா கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள்.

"பிரமாதமா வந்திருக்கு."

"அவளுக்குப் பூசினதைவிடவா?"

அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

ருமியானா குளியலறை விளக்கை அணைத்தாள்.