பரளச்சிக்குத் தெற்கே ஒரு செங்குத்துப் பாறை

பாறை ஏறுவதற்காகக் கொல்லிமலை வரை போய் வந்தவன் என் மச்சினன் கண்ணன். சொந்த ஊர்ப்பக்கம் அப்படியொன்று கிடைக்காதா என்று அவனுக்கு ஒரே ஏக்கம். யாரோ ஒரு கரட்டை, சின்னப் பாறைக்குன்றைப் பற்றிச் சொல்ல, போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டோம்.

காலை 6.10க்கு அருப்புக்கோட்டையில் பைக்கை எடுத்தோம். பெட்ரோல் 200 ரூபாய். பரளச்சியில் டீ, வடை 44. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், கடைசி இரண்டு வெறும் வண்டித்தடம். கரிசலுக்கு நடுவே ஒற்றைக் கரடு. அதன் ஒரு பக்கத்தை உச்சி வரை குவாரிக்காரர்கள் அறுத்துப்போட்டுக் கைவிட்டிருந்தார்கள். நெட்டுக்குத்தாக அறுபது அடி, எங்கு பார்த்தாலும் வெடி வைக்கப் போட்ட துளைகள். விரல் விட்டு ஏறத் தோதாக இருக்கிறதென்று கண்ணனுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. குருவிச் சத்தம்கூட இல்லை. சுவரடியில் அவ்வளவு புல் இருந்தும் ஆடுகள் தூரத்திலேயே மேய்ந்தன.

"அந்தப் பக்கம் போகாதீக" என்றார் ஆட்டுக்காரர். பேய்க்கதை இல்லாத கரடு எங்கே இருக்கிறது என்று சிரித்துவிட்டு நடந்தோம். அவர் கலைந்துபோன ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கண்ணன் ஏறத் தொடங்கினான். இருபதடியில் ஒரு துளைக்குள் கொக்கி அடித்துக் கயிற்றை மாட்டினான். முப்பதடியில் ஒரு துளை மண் அடைத்துக் கிடந்தது. கத்தியால் சுரண்டினான்.

"மச்சான், உள்ள ஒயர் மாதிரி என்னமோ இருக்கு."

சுத்திச் சத்தம் கேட்டு ஆட்டுக்காரர் ஓடிவந்தார். "கைய எடுங்க தம்பி. மண்ணு அடைச்சிருந்தா அது வெடிக்காத குழி. மருந்து உள்ளதான் இருக்கும்."

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் கண்ணன் ஒருத்தன்தான். கொக்கி வரை தடவித் தடவி இறங்கி, அதில் முழு எடையையும் போட்டுத் தொங்கினான். நான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கீழே வந்து சேர நாற்பது நிமிடம்.

ஆட்டுக்காரர் அதே குவாரியில் துளை போட்டவராம். "வேட்டு வச்சா சத்தத்த எண்ணுவோம். கடைசி நாளு பதினொண்ணு நெரப்புனோம், ஒம்போதுதான் கேட்டுச்சு. மறுநாளே குவாரிய மூடிட்டுப் போயிட்டாக. எந்தெந்தக் குழின்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்றார்.

அங்கே போக நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: போகாதீர்கள். வழி கேட்டும் எழுதாதீர்கள். தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம், இரண்டு துளைகளையும் படத்தில் குறித்து. ஒன்றுதானே தெரிந்தது என்று கேட்பீர்கள்.

திரும்பும்போது பரளச்சி டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் கண்ணன் சொன்னான்: "மச்சான், கொக்கிய அடிச்சேன்ல, அந்தக் குழியிலயும் மண்ணுதான் இருந்துச்சு."

சுத்தியால் ஆறு அடி அடித்தான். நன்றாக இறுகட்டும், இன்னும் ரெண்டு போடு என்று கீழே நின்று கத்தியது நான்தான்.