காப்பிக்கு அரைத் தண்ணீர் விட்டது யார்?

போன வெள்ளிக்கிழமை காலை மல்லசமுத்திரத்திலிருந்து என் மனைவிக்குப் போன் வந்தது. அவளுடைய அண்ணன், எங்கள் செல்லமுத்து மச்சான், தூக்கத்திலேயே போய்விட்டார். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நான் செய்த தவறு ஒன்று இருபது வருடமாக அவர் பெயரில் கிடக்கிறது. அதை எடுக்காமல் அவரை எப்படி அனுப்புவது?

கொல்லிமலைச் சரிவில் மாமனார் குடும்பத்துக்குக் கூட்டுப் பங்கில் காப்பித் தோட்டம் உண்டு. தண்ணீரும் உரமும் மச்சான் பொறுப்பு. மற்றவர்கள் எல்லாரும் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிப் பழகியவர்கள். இலை வாடினால் எங்கள் கை சும்மா இருக்காது. அவர் மட்டும் தை, மாசியில் செடியைக் காயவிட்டு நிம்மதியாக வெற்றிலை போடுவார்.

"வாடட்டுமுங்க, மொட்டு முத்தோணும். அப்பறம் ஊத்துனா வேர் நனையற வரைக்கும் ஊத்தோணும். பூத்து மூணு வாரத்துக்குள்ள இன்னொரு தண்ணி. ஈரம் நின்னாத்தான் உரம்" என்பார். தோட்டத்துக் குட்டையில் இருக்கும் தண்ணீரும் அந்த இரண்டு முறைக்குத்தான் வரும்.

எனக்குக் கல்யாணமான மறுவருடம் மாசியில், அவர் இரண்டு நாள் மேட்டூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். தோட்டத்தில் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. பெரிய விவசாயி என்ற நினைப்பு எனக்கு. யாருக்கும் சொல்லாமல் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை எடுத்து ஒரு மணி நேரம் தண்ணீர் தெளித்து, மரவள்ளிக்குப் போடுவதுபோல யூரியாவையும் வீசினேன். மறுவாரம் செடி பச்சென்று நின்றது. ஆனால் நான் விட்டது வேருக்கு எட்டாத அரைத் தண்ணீர்; மொட்டுகள் பாதி விரிந்து, பச்சையாகவே விறைத்துக் கொட்டின. அந்த வருடக் காய்ப்பு போயிற்று.

பங்காளிகள் கூடி மச்சானை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாந்தானுங்க ஊத்துனேன். அவசரப்பட்டுட்டேன்."

பிறகு தனியாக என்னிடம் சொன்னார்: "ஊட்டு மாப்பிள்ளையக் கூட்டத்துல நிக்கவெச்சா, என்ற தங்கச்சி எப்படீங்க தலை நிமிந்து இந்த ஊட்டுக்கு வருவா?"

அன்றே தண்ணீர்ப் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், வெட்கம் கெட்டவன். ஒவ்வொரு மாசியும் அவரை ரகசியமாகக் கேட்டுத்தான் எஞ்சினை எடுத்தேன். அவர் சொன்ன நாளில் ஊற்றினேன், கொத்துக் கொத்தாகக் காய்த்தது. பேர் எனக்கு வந்தது. ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாவு வீட்டுப் பந்தலில் ஒருவர், "நல்ல மனுசன். என்ன, ஒரு வருசம் காப்பியக் கெடுத்துப்போட்டாரு" என்றார். எழுந்து நின்றேன்.

"கெடுத்தது நானுங்க" என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மச்சானின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"இத அவரு காது கேக்க சொல்லியிருக்கலாமுங்கண்ணா."

பாடை எழுந்தபோது தோள் கொடுக்க முன்னால் போனேன். என் மனைவி வந்து கையைப் பிடித்தாள்.

"நீங்க பின்னால வாங்க."

கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தேன். போய் வாருங்கள், மச்சான்.