சின்னமுத்துக்குப் பயப்படாதவர்கள்

என் தம்பி அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறான். பெரிய வீடு, பெரிய உத்தியோகம், இரண்டு பட்டம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவையும் எழுத எனக்கு எத்தனையோ நாள் பிடித்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

போன வருடம் என் கடைசி மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. பதினொரு வருடம் காத்திருந்து, மாதம் நிறையமுன் பிறந்த பெண்பிள்ளை. தூக்கினால் கையில் பாரமே தெரியாது. அமெரிக்க எல்லைக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு கதைக்கிற செயின்ட்-மிஷேலில் மகளும் மருமகனும் நானும் இருக்கிற மேல்மாடி வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த கிழமையே ஒரு நேர்ஸ் வந்து பார்த்தாள். சின்னமுத்து இந்த நகரத்திலும் திரிகிறது என்றாள். இந்தியாக்காரர் தட்டம்மை என்று சொல்வது அதைத்தான். பிள்ளைக்கு அதற்கான ஊசி ஒரு வயதில்தான் போடுவார்களாம். அதுவரை ஊசி போடாத ஆட்களைக் கிட்ட விடவேண்டாம் என்றாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஒரு தரம் சொன்னது போதும், எனக்கு விளங்கிவிட்டது.

இங்கத்தைய அரசாங்கம் தங்கக்கட்டி என்று நான் சொல்லமாட்டேன். முழங்காலைக் காட்ட ஒரு டாக்குத்தர் கிடைக்காமல் எத்தனை வருடமாகப் பெயரைப் பதிந்துவிட்டு இருக்கிறேன். ஆனால் ஊசி விஷயத்தில் இவர்கள் நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாகக் கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கிற சடங்கு. அதுவரை எங்கள் சனம் பிள்ளை பிறந்த வீட்டு வாசலை மிதிக்காது. அன்றைக்குத்தான் எல்லாரும் வருவார்கள். மகளின் தாய்மாமன் வராமல் நடத்தினால் ஊர் சிரிக்கும். தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் வழியில் அவனுக்கு நாலு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள்.

"பேத்திக்கு ஊசியெல்லாம் போட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. இப்ப இங்க மேலிடத்தில இருக்கிறவையே சந்தேகப்படினம். யோசிச்சுத்தான் போடோணும் எண்டினம்."

"ஆர் மேலிடம்? டாக்குத்தர்மாரோ?"

"அரசாங்கம் அக்கா. உங்களுக்கு விளங்காது. நான் எல்லாம் வாசிக்கிறனான்."

"வாசி, வாசி. நல்லா வாசி."

"சின்னமுத்து ஒரு பெரிய வருத்தமே? வரும், போகும்."

"அப்ப பேத்தியை விட்டிட்டு வா."

"அவள் இல்லாமல் நாங்கள் வரேல்லை," என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஒரு காலத்தில் அரசாங்கம் சொன்னால் பொய் என்று திரிந்தவன் இவன். இப்போது அரசாங்கம் சொன்னால் வேதம். அதுவும் எது சொன்னால்? தனக்குப் பிடித்ததைச் சொன்னால். தலைவர் மாறினால் வருத்தத்தின் குணமும் மாறுமாக்கும். படித்த முட்டாளுக்கு மருந்து இல்லை. படிக்காத முட்டாளாவது கேட்டு நடப்பான்.

முப்பத்தோராம் நாள் காலை மகளின் போன் அடித்தது. மாமா எல்லையில் நிற்கிறாராம். எல்லாரும் வருகிறார்களாம், பேத்தியும்.

மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவ்வளவு தூரம் ஓடி வாறார். வாசலில வைச்சு எப்பிடியம்மா போங்கோ எண்டு சொல்லுறது?"

"நீ சொல்லவேண்டாம்."

"நீங்களும் சொல்லாதேங்கோ. சண்டை பிடிக்காதேங்கோ."

மருமகன் சுவரைப் பார்த்தான். அவனுக்கு அது கைவந்த வேலை.

பிள்ளையைக் குளிக்க வார்க்கிற தண்ணீருக்கென்று ஜான்-டலோன் வீதித் தமிழ்க் கடையில் வாங்கிய வேப்பிலை சமையலறையில் இருந்தது. பாதியை எடுத்து நூலால் கட்டினேன். முழங்கால் நோக நோக வெளிப்படிக்கட்டால் இறங்கி, அடிப்படியின் கைபிடிக் கம்பியில் முடிந்தேன். வீட்டில் ஒருவருக்கும் அம்மாள் வரவில்லை. அம்மாள் பெயரில் பொய்தான். ஒரு பச்சைப்பிள்ளைக்காகத்தானே, அவள் கோவிக்கமாட்டாள். பிறகு மேலே ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நின்றது. தம்பி முதலில் இறங்கினான். அவன் மனைவி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படியடிக்கு வந்தாள். வேப்பிலையைக் கண்டாள். நெருப்பை மிதித்தவள் போலப் பின்னுக்குப் போனாள். பேத்தியை இழுத்த இழுவையில் அவளின் ஒரு சப்பாத்து கழன்று தெருவில் கிடந்தது.

"ஐயோ மச்சாள், வீட்டில ஆருக்கு அம்மாள்?"

"ஏன், பயமோ?" என்றேன். "வரும், போகும் எண்டு உம்மட மனுசன் சொன்னவர். கூட்டிக்கொண்டு வாருமன் மேல."

அவள் அசையவில்லை. பேத்தியைத் தன் பின்பக்கம் ஒளித்துவிட்டாள். தம்பி தலையைச் சரித்து, வலது காதை எனக்குக் காட்டி, "என்ன சொல்லுறியள்?" என்று கத்தினான்.

ஆறு வயதில் சின்னமுத்து வந்து, காதில் சீழ் வடிந்து, அவனுக்கு இடது காது போனது. அம்மா வயலில். பக்கத்தில் இருந்து துடைத்தவள் நான்.

"உன்ர மற்றக் காதை ஒருக்காக் கேள்," என்றேன். "வந்து போனதோ, கொண்டு போனதோ எண்டு அது சொல்லும்."

தெருவில் போன ஒரு வெள்ளைக்காரி நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு விளங்கிவிட்டது. "வேப்பிலை பொய்தானே அக்கா?"

"பொய்தான். அதுக்கே இவ்வளவு பயம். அப்ப மெய்க்கு?"

அவன் மனைவி சப்பாத்தை எடுத்துப் பேத்திக்குப் போட்டுவிட்டாள். "நீங்கள் ரெண்டு பேரும் ஏறி வாங்கோ, பிள்ளை தாயோட கீழ நிக்கட்டும்" என்றும் சொன்னேன். அவன் வரவில்லை. காருக்குள் இருந்த அவன் மகனும் மருமகளும் இறங்கவே இல்லை. கார் திரும்பிப் போனது.

மகள் அழுதாள். "மாமாவைத் தெருவில வைச்சுக் கேவலப்படுத்திப்போட்டியள்" என்றாள். ஐயர் வந்து துடக்குக் கழித்துவிட்டுப் போனார். மாமன் இல்லாத சடங்கு, சாப்பாடு மிஞ்சிவிட்டது. கிழவிக்குத் திமிர் என்று டொரோண்டோ வரைக்கும் கதை போனது. திமிர்தான். அதை வைத்துத்தான் இவ்வளவு காலமும் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த வருடம் முழுக்க மகள் அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சாப்பாடு தந்தாள், மருந்து எடுத்துத் தந்தாள், முகம் தரவில்லை. தம்பியும் போன் எடுக்கவில்லை. இரவில் பிள்ளையின் உடம்பு கொஞ்சம் சுட்டாலும் நான் எழும்பிப் போய் நெஞ்சையும் காதடியையும் விளக்குப் பிடித்துப் பார்ப்பேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் பிள்ளைக்கு ஒரு வயது. கிளினிக்கில் ஊசி போட்டார்கள். கட்டிடம் இடிகிற மாதிரிக் கத்தினாள். எனக்கு நல்ல சந்தோஷம். அது பலம் பிடிக்க இரண்டு கிழமை, பதினாலு நாள், செல்லும் என்று நேர்ஸ் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

"அம்மா, இனி மாமாவை வரச்சொல்லலாம்தானே?"

"வரட்டும். ரெண்டு கிழமை கழிச்சு. நீ கூப்பிடு. நான் கூப்பிடமாட்டன்."

அவள் சிரித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.