எட்டு ஆள் வேண்டும்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது நான், என் மகள், அவள் மாமனார், மாமியார். மகள் வயிற்றில் ஒன்று, ஏழு மாதம். மருமகன் ஊரில் இல்லை. எங்கள் தாராவிப் பட்டறையில் பை தைத்த மராட்டிப் பையன். இப்போது மும்பைப் பக்கம் ஐரோலியில் வேலை, ஆறு பேரோடு ஒரே ரூம். அதனால் இவளை மலையில் அப்பா அம்மாவிடம் விட்டிருந்தான்.

தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வரத்தான் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏற வேண்டும். ரோடு கிடையாது.

மகள் பாயில் கிடந்தாள்.

“போன மாசமே வாரேன்னியேப்பா.”

“பேக் ஆர்டர் இருந்துச்சு.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“நல்லதாப் போச்சு.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையிலிருந்து ரத்தம் படுகிறதாம். சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி மாமனார் நர்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார். நடக்க விடாதே, தூக்கி இறக்கு, கீழே வண்டி நிற்கும் என்றாளாம்.

மூங்கிலில் கம்பளியைத் தொட்டில் மாதிரி கட்டித்தான் அங்கே ஆளை இறக்குவது. முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர், தோள் மாற்ற நாலு பேர். எட்டுக்குக் குறைந்தால் சறுக்குப் பாறையில் இறக்க முடியாது. பகலில் எல்லாரும் கூலிக்குப் போயிருந்தார்கள்.

“பொழுது சாயட்டும் சம்பந்தி. கூப்பிட்டுப் பார்ப்போம்,” என்றார் மாமனார், இந்தியில்.

அந்த ஊர் ஒரு காலத்தில் எல்லைக் காவல். கணவாயைக் காக்கக் குடிவைத்த வீடுகள். பொழுது சாய ஒருவர் மேட்டில் நின்று கூப்பிடுவார். எத்தனை ஆண் இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு பதில் சொல்ல வேண்டும். எல்லை போய்விட்டது. கூப்பிடுவது இன்னும் இருக்கிறது.

நானும் அவரோடு மேட்டுக்குப் போனேன்.

“அப்ப எதிரி இதைத் தாண்டினதில்லை. இப்ப ஆம்புலன்ஸும் தாண்டுறதில்லை,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டார். முதல் வீட்டில் ஒன்று என்றார்கள். அடுத்த இரண்டும் பூட்டின வீடு. அதையும் விடாமல் கூப்பிட்டார், பதிலுக்கு நிற்கிற மாதிரி நின்றார். ஓடைப் பக்கத்து வீட்டில் ஒரு பொம்பளைக் குரல், ஆள் புனேயில் என்றது. கடைசி வீட்டில் இரண்டு.

“எத்தனை?” என்றேன்.

விரலை மடக்கினார். தன்னைச் சேர்த்துக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னையும் சேர்த்தார்.

ஐந்து.